டிரையாங்கிளைக் கொடுத்து ஓரமாக நிறுத்தாதீர்கள்

"சக்கர நாற்காலியில் வரும் பையனையும் பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் சேர்த்திருக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் கடைசி வரிசையில் ஒரு டிரையாங்கிளோடு, அதாவது குச்சியால் தட்டும் முக்கோணக் கம்பியோடு, இருப்பான். எப்போது தட்ட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குன்னூரில் பேண்டு சொல்லிக்கொடுக்க வந்த புதிதில் நானும் இதைச் செய்தவன்தான். அது சேர்ப்பது இல்லை, போட்டோவுக்கு நிறுத்துவது. சுலபமான பாகம் வேறு, வேண்டாத பாகம் வேறு. பேஸ் டிரம் என்ற பெரிய டிரம்மில் காலடிக்கு ஒரு தட்டு என்பது சுலபம்தான். ஆனால் அது பிசகினால் மொத்த வரிசையின் காலும் பிசகும். அதைக் கொடுங்கள். டிரம்மை ஸ்டாண்டில் வைத்துவிட்டால் தோளில் மாட்ட வேண்டியதும் இல்லை.

பேண்டு என்றால் நடந்தே ஆக வேண்டும் என்பது இன்னொரு பிடிவாதம். நம் மலையில் மேடு பள்ளம் இல்லாத மைதானம் எத்தனை பள்ளிக்கு வாய்த்திருக்கிறது? கொடிக்கம்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஒரு குழு, நடந்து வாசிக்க ஒரு குழு என்று பிரித்தால் என்ன குறைந்துவிடும்?

காது கேட்காத பிள்ளைக்கு பேண்டு எதற்கு என்று பெற்றோரே கேட்பார்கள். ஸ்காட்லாந்தின் எவலின் கிளென்னி 12 வயதுக்குள் கேட்கும் திறனை பெருமளவு இழந்தவர். வெறுங்காலோடு நின்று, அதிர்வை உடம்பில் வாங்கித் தாளம் வாசிப்பவர். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் டிரம் வாசித்தவர்களை முன்னின்று நடத்தியவரும் அவரே. ஒருவர் பேஸ் டிரம்மை அடிக்கும்போது அந்தப் பிள்ளையின் உள்ளங்கையை டிரம்மின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். நாலு தட்டுக்குள் தலை ஆட ஆரம்பிக்கும். அங்கே தடையாக நிற்பது நாம்தான். முதுகைக் காட்டிக்கொண்டு "ஸ்டார்ட்!" என்று கத்தினால் அவளுக்கு எப்படித் தெரியும்? கையை உயர்த்தி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இறக்குங்கள்.

நோட்டேஷன், அதாவது எழுதி வைத்த இசைக்குறி, படிக்காதவருக்கு இடமில்லை என்பதும் வீண். இதே நீலகிரியில் கோத்தர் பழங்குடியினர் குழலும் பறையும் காகிதத்தைப் பார்த்தா கற்றார்கள்? பார்வையற்ற பிள்ளைக்கு மெட்டை மெதுவாக, துண்டு துண்டாகப் போனில் பதிந்து கொடுங்கள். சைடு டிரம்முக்கு 'தகதிமி' சொல்லிக்கொடுத்தால் போதும். எழுத்தில்தான் வேண்டும் என்றால் பிரெய்லில் இசைக்குறியும் உண்டு. லூயி பிரெய்ல் 1829-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே அது இருக்கிறது.

சத்தம் தாங்காத பிள்ளையைத் தகரக் கூரைக்கு அடியில், ஐப்பசி மழையில், சிம்பல் என்ற பெரிய ஜால்ராவுக்குப் பக்கத்தில் நிறுத்துவது கொடுமை. காதுக்குச் சத்தத்தைக் குறைக்கும் மஃப் கொடுத்து ஓரத்துக்கு மாற்றுங்கள். நடுவில் எழுந்து வெளியே போனால் திட்டாதீர்கள்.

அப்புறம், இந்தக் குளிர். குடியரசு தினத்துக்காக ஜனவரியில் காலை ஏழு மணிக்கே ஒத்திகை வைப்போம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு அந்தக் குளிரில் தசை இன்னும் இறுகும். விரல் குச்சியைப் பிடிக்காது. உடனே "இவனால் முடியாது" என்று முடிவு கட்டிவிடுவோம். ஒத்திகையை வெயில் வந்தபின் பத்து மணிக்கு மாற்றினேன். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, குச்சியின் பிடியில் தடிமனாகச் சுற்றினேன். மறுவாரம் பார்த்தால், மற்ற பிள்ளைகளும் ட்யூப் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள்.