மென்பொருள் வந்து சேரும்வரை: புதிய பிராசசருக்கு மாறுவோருக்கு ஒரு வழிகாட்டி

புதிய கட்டமைப்பைக் கொண்ட பிராசசருடன் ஒரு கணினி சந்தைக்கு வந்தவுடன், நாம் பயன்படுத்தும் மென்பொருள் அதில் இயங்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் ‘இயங்கும்’ என்ற பதில் கிடைத்துவிடும். கணினியை வாங்கி மேசையில் வைத்த பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு அரைகுறையானது என்று தெரியவரும். ஆகவே, இப்போதிருக்கும் கணினியில் அண்மையில் முடித்த ஒரு பணியின் கோப்பைத் திறந்து, அதில் எவையெல்லாம் கைகொடுத்திருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

ஒரு பாடலின் மிக்ஸை எடுத்துக்கொண்டால், ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றுதான். ஆனால் குரல் டிராக்கில் மட்டுமே ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப் (எதிரொலி சேர்ப்பது) என்று மூன்று பிளகின்கள், அதாவது தாய் மென்பொருளுக்குள் பொருத்தும் துணை நிரல்கள், இருக்கும். மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. மைக்கை இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு ஒரு டிரைவர் (கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரல்), பிளகின்களின் லைசென்ஸைச் சரிபார்க்க ஒரு சிறு நிரல், சாம்பிள்களை (பதிவு செய்து வைத்த ஒலித் துணுக்குகளை) இறக்கித் தர இன்னொரு நிரல் என்று பட்டியல் நீளும். புகைப்படக்காரருக்கு இதே இடத்தில் மானிட்டரின் நிறத்தை அளக்கும் கருவி, பென் டேப்லெட்டின் டிரைவர், பிரின்டர், ஸ்கேனர் ஆகியவை வரும். இவற்றுள் எது கடைசியாக வந்து சேர்கிறதோ அதுதான் நீங்கள் மாறும் தேதியைத் தீர்மானிக்கும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் ஒலிப்பதிவு மென்பொருள் புதிய கணினிக்குத் தயாராகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மாறினேன். பழைய கோப்பு திறந்தது, டிராக்குகள் வரிசையாக நின்றன, ஆனால் ஒவ்வொரு குரல் டிராக்கிலும் ரிவெர்ப் இருக்க வேண்டிய கட்டத்தில் அதன் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிய, குரல் வறண்டு ஒலித்தது. அதைத் தயாரித்தவர்களுக்கு எழுதியபோது ‘விரைவில்’ என்று பதில் வந்தது. பல மாதங்கள் கழித்து மறுபடி எழுதியபோதும் அதே சொல்தான் வந்தது.

இந்தத் தாமதத்துக்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. இன்டெல், ஏஎம்டி பிராசசர்களின் எக்ஸ்86 கட்டளைத் தொகுதியும் ஏஆர்எம் கட்டளைத் தொகுதியும் வெவ்வேறு மொழிகள் போன்றவை. சாதாரண நிரலைப் புதிய கட்டமைப்புக்கு மறுபடி கம்பைல் செய்வது (பிராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது) பெரும்பாலும் எளிது. ஆனால் படம், ஒலி, வீடியோ ஆகியவற்றைக் கையாளும் மென்பொருளில், வேகம் தேவைப்படும் பகுதிகளை பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் எக்ஸ்86-இன் எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் கட்டளைகளை நம்பிக் கையாலேயே செதுக்கியிருப்பார்கள். அவற்றை ஏஆர்எம்மின் நியான் கட்டளைகளுக்கு மாற்றி எழுத வேண்டும்; வெளியாரிடமிருந்து வாங்கிச் சேர்த்த நிரல் நூலகங்கள் மாறும்வரை காத்திருக்க வேண்டும்; பழைய கோப்புகள் முன்பு போலவே தெரிகின்றனவா, ஒலிக்கின்றனவா என்றும் சோதிக்க வேண்டும். பிளகின் தயாரிப்பாளரோ, தாய் மென்பொருள் தயாரான பிறகுதான் தம் வேலையை முழுமையாகச் சோதிக்க முடியும்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கணிக்க முந்தைய மாற்றங்களைப் பார்ப்பதே நல்லது. ஆப்பிள் 2005 ஜூனில் பவர்பிசி பிராசசரிலிருந்து இன்டெலுக்கு மாறப்போவதாக அறிவித்தது; முதல் இன்டெல் மேக் 2006 ஜனவரியில் வந்தது; அதில் நேரடியாக இயங்கும் ஃபோட்டோஷாப் சிஎஸ்3 வெளிவர 2007 ஏப்ரல் ஆனது. இன்டெலிலிருந்து ஏஆர்எம் வகையைச் சேர்ந்த தன் சொந்தச் சிப்புக்கு ஆப்பிள் மாறிய அடுத்த மாற்றம் இதைவிட வேகமாக நடந்தது. அந்தச் சிப்புகளில் முதலாவதான எம்1-ஐக் கொண்ட மேக் 2020 நவம்பரில் வந்தபோதே ஆப்பிளின் சொந்த லாஜிக் புரோ, ஃபைனல் கட் புரோ ஆகியவற்றோடு அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருள்களும் தயாராக இருந்தன. ஃபோட்டோஷாப் 2021 மார்ச்சிலும், இல்லஸ்ட்ரேட்டரும் இன்டிசைனும் ஜூனிலும், பிரீமியர் புரோ ஜூலையிலும் வந்தன. ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு 2022 ஏப்ரல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடோபி என்ற ஒரே நிறுவனத்தின் மென்பொருள்களுக்கிடையிலேயே ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘ஆதரவு வந்துவிட்டது’ என்ற அறிவிப்பையும் நிதானமாகப் படிக்க வேண்டும். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் 2021 ஜூனில் வெளியிட்ட 2.93 பதிப்பிலேயே ஆப்பிள் சிப்பில் நேரடியாக இயங்கத் தொடங்கியது. ஆனால் அதன் சைக்கிள்ஸ் ரெண்டர் (இறுதிப் படத்தை உருவாக்கும் பகுதி) அந்தச் சிப்பின் ஜிபியுவை, அதாவது வரைகலைப் பிராசசரை, பயன்படுத்த 2022 மார்ச்சில் வந்த 3.1 பதிப்புவரை பொறுக்க வேண்டியிருந்தது. மாடலிங் செய்பவருக்கு முதல் தேதி போதுமானது. ரெண்டர் செய்து பிழைப்பவருக்கு இரண்டாவது தேதிதான் உண்மையான தேதி. ஆகவே உங்கள் பட்டியலில் மென்பொருளின் பெயருக்கு எதிரே, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் அதன் வசதிகளையும் எழுதி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரியுங்கள். ‘நேட்டிவ்’ என்றால் புதிய பிராசசருக்கென்றே கம்பைல் செய்யப்பட்டது; ‘இணக்கமானது’ என்றால் பெரும்பாலும் பழைய கட்டளைகளைப் புதியவையாக மாற்றித் தரும் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிரல் இடையில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ‘பரிசீலித்து வருகிறோம்’ என்றால் இப்போதைக்கு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மொழிபெயர்ப்பாளர் மேக்கில் ரொசெட்டா 2. ஏஆர்எம் பிராசசரில் இயங்கும் விண்டோஸ் 11-இல், 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், பிரிஸம். இவற்றின் திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது, பல மென்பொருள்கள் வேறுபாடே தெரியாமல் ஓடுகின்றன. இருந்தாலும் இரண்டு எல்லைகளை மறக்கக்கூடாது.

முதலாவது, ஒரே பிராசஸுக்குள் (இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள்) இரண்டு கட்டமைப்புகளின் நிரல்கள் பொதுவாகக் கலந்து இயங்க முடியாது. நேட்டிவாகத் திறந்த ஃபோட்டோஷாப் இன்டெலுக்கு மட்டுமே எழுதப்பட்ட பிளகினை ஏற்றாது. அந்தப் பிளகின் வேண்டுமென்றால் ஃபோட்டோஷாப்பையே ரொசெட்டா வழியாகத் திறக்க வேண்டும். ஃபைண்டரில் மென்பொருளைத் தேர்ந்தெடுத்து அதன் தகவல் சாளரத்தைத் திறந்தால், ரொசெட்டா வழியே திறப்பதற்கான கட்டம் அங்கே இருக்கும். லாஜிக் புரோ ஒரு விதிவிலக்கு: அது இன்டெல் பிளகினைத் தனியொரு பிராசஸில் இயக்கிக்கொண்டு தான் நேட்டிவாகவே இருக்கும். இப்போது எது எப்படி ஓடுகிறது என்ற சந்தேகம் வந்தால், மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டரில் ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே ஆப்பிள் அல்லது இன்டெல் என்று காட்டும் பத்தியையும், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் விவரங்கள் பக்கத்தில் கட்டமைப்பைக் காட்டும் பத்தியையும் பாருங்கள்.

இரண்டாவது எல்லை இன்னும் கறாரானது. இயங்குதளத்தின் கருவுக்குள் இயங்கும் டிரைவர்களை ரொசெட்டாவும் பிரிஸமும் மொழிபெயர்ப்பதில்லை. ஆடியோ இன்டர்ஃபேஸ், பழைய ஸ்கேனர், லைசென்ஸுக்கான யுஎஸ்பி டாங்கிள் ஆகியவை அப்படிப்பட்ட தனி டிரைவரை நம்பியிருந்தால், புதிய டிரைவர் வரும்வரை அவை வெறும் பெட்டிகள்தான். எனவே பட்டியலைச் சரிபார்க்கும்போது டிரைவர்களிலிருந்து தொடங்கி, பிளகின்களுக்குச் சென்று, தாய் மென்பொருளைக் கடைசியில் பாருங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன்.

மொழிபெயர்ப்பாளருக்கும் ஆயுள் உண்டு. பவர்பிசி காலத்து முதல் ரொசெட்டாவை 2011-இல் வந்த லயன் பதிப்பு நீக்கியது. ரொசெட்டா 2 பொதுப் பயன்பாட்டுக்கு மேக்ஓஎஸ் 27 வரை இருக்கும் என்று ஆப்பிள் 2025-இல் அறிவித்திருக்கிறது. அதனால் ரொசெட்டாவில் ஓடும் பிளகின் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு வையுங்கள். அதன் தயாரிப்பாளர் இரண்டு ஆண்டுகளாக எந்தப் புதுப்பிப்பையும் வெளியிடவில்லை என்றால், அது கைவிடப்பட்டதாகவே கருதி இப்போதே மாற்றைத் தேடத் தொடங்கலாம்.

காத்திருக்கும் காலத்தில் பழைய கணினியை விற்காதீர்கள். அதன் இயங்குதளத்தையும் உயர்த்தாதீர்கள். சில லைசென்ஸ்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கணினிகளுக்கே செல்லுபடியாகும் என்பதால், புதியதில் நிறுவுமுன் பழையதில் எத்தனை இடம் பயன்பாட்டில் உள்ளது என்று பாருங்கள். முடிந்த பணிகளை உறைய வைப்பது இன்னும் முக்கியம். ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்டுடன் ஒருமுறையும் எஃபெக்ட் இல்லாமல் ஒருமுறையும், தொடக்கப் புள்ளி ஒன்றாக இருக்கும்படி, 24 பிட் வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்துவிட்டால், பிளகின் வராமலே போனாலும் பாடல் போகாது. படங்களுக்கு லேயர்களுடன் ஒரு பிரதியையும், எல்லாவற்றையும் தட்டையாக்கிய 16 பிட் டிஃப் (TIFF) பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் உள்ள எல்லாம் தயாரான பிறகும் கண்ணையோ காதையோ மட்டும் நம்பி மாறிவிடாதீர்கள். ஒரே கோப்பை இரு கணினிகளிலும் எக்ஸ்போர்ட் செய்து, இரண்டு ஒலிக் கோப்புகளையும் அடுத்தடுத்த டிராக்குகளில் வைத்து, ஒன்றின் ஃபேஸை (ஒலி அலையின் மேடு பள்ளத்தை) தலைகீழாக்குங்கள். இரண்டும் ஒன்றே என்றால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அமைதி எஞ்சும். காதில் விழாத அளவு நுண்ணிய இரைச்சல் எஞ்சினால் அது தசமக் கணக்கின் கடைசி இலக்கங்களில் வந்த வேறுபாடாக இருக்கலாம், கவலை வேண்டாம். பாட்டே மெல்லக் கேட்டால் ஏதோ ஒரு பிளகின் வேறு விதமாக வேலை செய்கிறது. கோரஸ், சில ரிவெர்ப் போன்றவை ஒவ்வொரு முறையும் தற்செயலாக அசைபவை என்பதால், அவற்றை அணைத்துவிட்டே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். படங்களுக்கு இரண்டு பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் லேயரை வேறுபாட்டை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் முறைக்கு மாற்றினால் முழுக் கறுப்பு தெரிய வேண்டும். லெவல்ஸை (வெளிச்ச அளவை) கூட்டிப் பார்த்தும் கறுப்பாகவே இருந்தால் மாறலாம்.

மாறும் நாளையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒரு பணியை ஒப்படைத்த மறுநாள் நல்லது, பாதி வேலையில் மாறுவது வேண்டாம். அதன் பிறகும், பழைய கணினியில் தொடங்கிய வாடிக்கையாளர் பணிகளின் திருத்தங்கள் முற்றிலும் நிற்கும்வரை அதன் மின்கம்பியைக் கழற்ற வேண்டாம்.