உப்புத்தண்ணி மீன்தொட்டிக்குக் கல்: செலவு குறைவாக, வழக்கு இல்லாமல்

ராமநாதபுரம் பக்கம் மண்டபத்திலோ கீழக்கரையிலோ கடற்கரையோரம் நடந்தால், துளை துளையாய் வெளுத்த கல் காலில் இடறும். புதுசாகத் தொட்டி வைக்கிறவர் கை தானாக அதை எடுக்கப் போகும். எடுக்காதீர்கள். அது செத்த பவளம். 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கல்பவளங்கள் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும், செத்து ஒதுங்கினாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். கடலுக்குள் இருக்கும் பவளப்பாரிலிருந்து உடைத்து 'லைவ் ராக்' (உயிர்கள் ஒட்டிய கல்) என்று பக்கெட்டில் கொண்டு வந்து தருகிறவரிடம் வாங்கினாலும் மாட்டுவது நீங்களும்தான்.

மிச்சமிருப்பது இரண்டு வழி: கடைக் கல் அல்லது நீங்களே வார்க்கும் கல். காசு குறைந்தால் நாள் கூடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கல் என்ன வேலை செய்கிறது

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்குக் கல்தான் வீடு. அதனால் எடையைவிடத் துளைதான் முக்கியம். ராமேஸ்வரத்தில் மிதக்கும் கல்லைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கல்லுக்குள் எவ்வளவு வெற்றிடம் இருக்க முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

3 அடி நீளம், 1 அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரத் தொட்டியில் சுமார் 100 லிட்டர் பிடிக்கும். துளையுள்ள கல் 10 முதல் 12 கிலோ போதும். கனமான சுண்ணாம்புக்கல் என்றால் கிலோ கணக்கு உதவாது. தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை அடைத்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைக் கல்லைச் சோதிக்க

காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, துடைத்து மறுபடி போடுங்கள். எடை கூடினால்தான் உள்ளே துளை உண்டு. வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைப்பது சுண்ணாம்பு வகை, நல்லது. காந்தம் ஒட்டினாலோ துருக்கறை தெரிந்தாலோ வேண்டாம். செம்புரான் கல்லில் இரும்பு அதிகம், செங்கல்லில் என்ன மண் என்று தெரியாது, ஜிப்சம் கரையும். கருங்கல் கெடுதல் செய்யாது, ஆனால் துளை கிடையாது. அடியில் முட்டுக்கொடுக்க வைக்கலாம்.

யாரோ விற்கும் பழைய தொட்டிக் கல் மலிவாகக் கிடைக்கும். அது செயற்கைக் கல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஒரு நாள் ஊறவைத்து, அலசி, வாடை போகும்வரை வெயிலில் காயவிடுங்கள். கொதிக்கவைக்க மட்டும் கூடாது. கல்லில் ஒட்டியிருக்கும் சிலவகை மொட்டுப்பவளங்களின் நஞ்சு ஆவியோடு கிளம்பி மூச்சில் ஏறும்; ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும்.

நீங்களே வார்க்க

நம் பக்கத்துக்கு இதுதான் லாபம். கோழித்தீவனக் கடையில் கிளிஞ்சல் நொறுக்கு கிடைக்கும், கல்லுப்பு வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கத்திலேயே விளைகிறது. 100 லிட்டர் தொட்டிக்கு: வெள்ளைச் சிமெண்ட் 3 கிலோ, கழுவிக் காயவைத்த கிளிஞ்சல் 9 கிலோ, கல்லுப்பு 4 கிலோ. சுவருக்குப் பூசும் புட்டி வேண்டாம், அதில் பசை கலந்திருக்கும்.

கையுறை போடுங்கள், சிமெண்ட் தோலை அரிக்கும். சிமெண்டையும் கிளிஞ்சலையும் உலர்வாகக் கலந்து, ஒன்றரை லிட்டருக்குள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். புட்டு மாவுப் பதம்: பிடித்தால் நிற்கணும், தட்டினால் உதிரணும். தண்ணீர் அதிகமானால் துளைகள் அடைந்து வெறும் சிமெண்ட் கட்டிதான் மிஞ்சும். உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்னால் போட்டால் கரைந்துவிடும். ஈரமணலில் குழி பறித்து, விரலால் ஓட்டைகள் விட்டு, கலவையை அழுத்தாமல் நிரப்புங்கள். இரும்புக் கம்பி எங்கும் கூடாது.

இரண்டு நாள் கழித்து எடுத்து, ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம். பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்து மூன்று நாளுக்கொருமுறை மாற்றுங்கள். உப்பு கரைந்த இடமெல்லாம் துளையாகும். முதல் தண்ணீரைச் செடி மூட்டில் ஊற்றாதீர்கள்.

அவசரப்பட்டுக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சிமெண்டிலிருந்து வெத்தலைச் சுண்ணாம்பு போலவே காரம் கசியும், பி.எச். (தண்ணீரின் காரத்தைக் காட்டும் அளவு) 11-க்கு மேல் போகும். தொட்டியில் பி.எச். ஏறினால், இருக்கும் கொஞ்ச அம்மோனியாவும் கடும் விஷமாகிவிடும். புதுத்தண்ணீரில் இரண்டு நாள் ஊறிய பின்னும் 8.5-க்குக் கீழே நின்றால் கல் தயார். ஆறு வாரம் ஆகலாம், எட்டும் ஆகலாம். கல்லில் மிச்சம் பிடித்த காசில் பி.எச்., அம்மோனியா, நைட்ரைட் சோதனைக் கிட் வாங்கிவிடுங்கள்.

அடுக்குவதும் பழக்குவதும்

மணல் கொட்டுவதற்கு முன்பே கல்லை அடிக்கண்ணாடிமேல் பிளாஸ்டிக் வலைத்தட்டு போட்டு நிறுத்துங்கள். மணல்மேல் வைத்தால், தோண்டுகிற மீன் ஒரு நாள் கவிழ்த்துவிடும். பின்கண்ணாடியிலிருந்து நாலு விரல் இடைவெளி, உயரம் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்குள்.

கடல்தண்ணீர் எடுக்கிறவர்கள், வாடைக்காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கியிருந்தால் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போங்கள். படகுத்துறையை விட்டுத் தள்ளி எடுத்து, துணியில் வடிகட்டி, உப்பு அளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டுகிறதா பாருங்கள். மழைக்குப் பின் குறையும்.

துணிப்பையில் இரண்டு பச்சை இறால் தொங்கவிட்டால் அழுகி, பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியா வரும். ஓடுகிற கடல்மீன் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கிடைத்தால் பாக்டீரியா சீக்கிரம் பிடிக்கும். நாலிலிருந்து ஆறு வாரத்தில் அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட்டும் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்யமாகும். அப்போது மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு ஒரே ஒரு மீன் விடுங்கள். கல்மேல் பழுப்பாகப் படியும் தூசி டயட்டம் பாசி. விளக்கைக் குறைத்தால் சில வாரத்தில் தானாகப் போகும், தேய்க்க வேண்டாம்.