பழைய நெட்புக்கில் ரெம் கூட்டுவது எப்படி?

பத்து இஞ்சித் திரையோடு ஒரு சின்ன லெப்டொப் உங்கள் வீட்டு அலுமாரிக்குள் கிடந்தால் அது பெரும்பாலும் நெட்புக்தான். கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்த மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்து கொடுத்தவை எங்கள் பக்கம் நிறைய உண்டு. அனேகமானவற்றில் இருப்பது 1 ஜிபி ரெம், அதாவது திறந்து வைத்த வேலைகளை மெஷின் தற்காலிகமாக வைத்துக்கொள்கிற மெமரி. வேர்டைத் திறந்துவிட்டுப் போய் ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வரலாம். ஓ/எல் படிக்கிற பிள்ளைக்கு டைப் பண்ணவும் பிடிஎஃப் வினாத்தாள் பார்க்கவும் இந்தப் பெட்டி இன்னும் போதும். ஆனால் ரெம்மை 2 ஜிபி ஆக்கவேண்டும்.

1 ஜிபியோடு விற்றார்கள் என்பதற்காக மெஷினால் அவ்வளவுதான் தாங்க முடியும் என்று நினைக்காதீர்கள். நெட்புக்குக்கு விண்டோஸ் எக்ஸ்பியையும் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரையும் மலிவு விலையில் கொடுத்தபோது, 1 ஜிபிக்கு மேல் போட்டு விற்கக்கூடாது என்று மைக்ரோசொஃப்ட் நிபந்தனை வைத்திருந்தது. வாங்கிய பிறகு நாம் கூட்டுவதற்குத் தடையில்லை.

முதலில், குறை ரெம்மில்தானா?

காசு செலவழிக்க முன்னர் இதைப் பாருங்கள். நெட்புக்கைப் போட்டு, வழமையாகப் பாவிப்பதையெல்லாம் திறந்து வையுங்கள்: பிரவுசரில் இரண்டு டப், ஒரு வேர்ட் ஃபைல். மறுகா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். விண்டோஸ் 7இல் அதன் அடியிலேயே சிபியு (மெஷினின் மூளையான புரொசசர்) எத்தனை வீதம், ஃபிசிக்கல் மெமரி (ரெம்) எத்தனை வீதம் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

மெமரி 85, 90 என்று நிற்கிறது, ஹார்ட் டிஸ்க் லைட்டும் விடாமல் மினுங்குகிறது என்றால் நோய் ரெம்தான். இடம் போதாமல் விண்டோஸ் பாதி வேலையை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. டிஸ்க்கின் வேகம் ரெம்முக்குக் கிட்டவும் வராது, அதனால்தான் எல்லாம் இறுகி நிற்கிறது. மெமரி பாதியில் இருக்க, சிபியு மட்டும் 100இல் நின்றால் ரெம் கூட்டுவது வீண். யூடியூப் வெட்டி வெட்டி ஓடுவதும் பெரும்பாலும் நெட்புக்கில் வருகிற அட்டம் என்ற புரொசசரின் பலவீனம்தான். அதற்கு ரெம் மருந்தில்லை.

எந்த ரெம் பொருந்தும்?

பிழைப்பது அனேகமாக இந்த இடத்தில்தான். "லெப்டொப் ரெம்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் மூன்று நாலு வகையில் ஏதோ ஒன்று கைக்கு வரும்.

கம்பியூட்டர் ஐக்கனில் ரைட் கிளிக் செய்து புரொபர்ட்டீஸ் போனால் புரொசசரின் பெயர் இருக்கும். அட்டம் என்270, என்450 என்றால் டிடிஆர்2 என்ற ரெம் வகை. என்455, என்550, என்570, என்2600 என்றால் அனேகமாக டிடிஆர்3. இந்த எல்லாவற்றுக்கும் உச்சம் 2 ஜிபிதான், 4 ஜிபி போட்டுப் பிரயோசனமில்லை. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் 2 ஜிபிக்கு மேல் பாவிக்காது.

என்ன வகை என்று உறுதியாகத் தெரிய சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு மெமரி என்ற டப்பைப் பாருங்கள். அதைவிட நல்லது, ஏற்கனவே உள்ளே இருக்கிற ரெம்மைக் கழற்றி ஸ்டிக்கரை வாசிப்பது. பிசி2-5300 அல்லது பிசி2-6400 என்றிருந்தால் டிடிஆர்2. பிசி3-8500, பிசி3-10600 என்றால் டிடிஆர்3. பிசிக்குப் பக்கத்தில் நிற்கிற 2, 3தான் முக்கியம். கடைசி எண் வேகம். வேகம் கூடிய ரெம் கிடைத்தாலும் வாங்கலாம், மெஷின் தன் வேகத்துக்கு அதைக் குறைத்து ஓட்டும்.

இரண்டும் ஒரே அகலம், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டிடிஆர்2இல் 200 பின், டிடிஆர்3இல் 204. விளிம்பில் இருக்கிற வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாறிப் போகாது. போகாததை அமத்திப் போட வெளிக்கிட்டால் ரெம் செருகுகிற சொக்கட் உடையும்.

இன்னொன்று, உங்கள் மொடலின் பெயரை இணையத்தில் தேடி ரெம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சாம்சங் என்150 போன்றவற்றில் அடியில் ஒரு சின்ன மூடி, ஒரு ஆணி, அவ்வளவுதான். ஏசர் அஸ்பயர் வன்னின் முதல் மொடல்களில் பெட்டியை முழுதாகப் பிரிக்கவேண்டும். முதல் தடவை கை வைப்பவர் அதைத் தொடாமல் திருத்துகிறவரிடம் கொடுப்பது நல்லது. சில மொடல்களில் ரெம் போர்டோடு ஒட்டியே வந்திருக்கும், சொக்கட் இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

கடையில்

டிடிஆர்2 இப்போது புதிதாக எடுப்பது கஷ்டம். மட்டக்களப்பு டவுன், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் லெப்டொப் திருத்துகிற கடைகளில் பழுதான மெஷினில் கழற்றியது இருக்கும். ரெம் லேசில் பழுதாகிற சாமான் இல்லை, பழையது என்று பயப்படவேண்டாம். நெட்புக்கையும் கையோடு கொண்டுபோய், "காக்கா, லெப்டொப் ரெம் வேணும், டிடிஆர் டூ, ரெண்டு ஜிபி ஒரே துண்டு. போட்டுப் பாத்துத்தான் எடுப்பன்" என்று கேளுங்கள். ஒரே துண்டு என்பதை மறக்கவேண்டாம். நெட்புக்கில் பெரும்பாலும் ஒரு சொக்கட்தான், இரண்டு 1 ஜிபி போட இடமில்லை. பிழைத்தால் மாற்றித் தருவார்களா என்றும் கேட்டு வையுங்கள்.

கழற்றிப் போடுதல்

ஷட்டவுன் செய்யுங்கள், ஸ்லீப்பில் விடவேண்டாம். சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்து வைத்து, பூட்டு இரண்டையும் தள்ளி பெட்டரியையும் எடுங்கள். மறுகா பவர் பட்டனைப் பத்துச் செக்கன் அளவு அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கிற கரண்டும் இறங்கிவிடும்.

ஸ்டெட்டிக் மின்சாரம், அதாவது உடம்பில் தேங்கி நின்று தொட்டதும் ரெம்மைக் கெடுக்கக்கூடிய மின்சாரம் பற்றி ஒரு சொல். மாரி காலத்தில் எங்கள் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அது பெரிய தொல்லையில்லை. கச்சான் காற்று வீசி எல்லாம் காய்ந்து கிடக்கிற மாதங்களில் கவனம் தேவை. நைலோன் விரிப்பில் இருந்து செய்யாமல் மர மேசையில் வைத்து, தொடங்க முன்னர் யன்னல் கம்பியையோ வேறு இரும்பையோ ஒருக்கால் தொட்டுக்கொள்ளுங்கள்.

மூடியின் ஆணிக்குப் பொருந்துகிற சின்ன நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் எடுங்கள். பெரியதைப் போட்டுத் திருகினால் ஆணியின் தலை தேய்ந்து பிறகு யாராலும் கழற்ற முடியாது. மூடியை நகத்தாலோ பழைய சிம் அட்டையாலோ நெம்புங்கள்.

உள்ளே ரெம் படுத்திருக்கும். இரண்டு பக்கமும் மெல்லிய உலோகக் கைகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பெருவிரலாலும் அவற்றை ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் விலக்குங்கள். ரெம் தானாகவே ஒரு பக்கம் கிளம்பிச் சரிவாக நிற்கும். அந்தச் சரிவிலேயே, விளிம்பில் பிடித்து இழுங்கள். தங்க நிறப் பல்லில் விரல் படக்கூடாது.

கடற்கரைப் பக்கம், கல்லடி, திருக்கோவில் மாதிரி இடங்களில் கிடந்த மெஷின் என்றால் உப்புக்காற்றில் அந்தப் பல் மங்கியிருக்கும். வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். வாயால் ஊதவேண்டாம், எச்சில் படும். ஒன்றும் வாங்காமல் இதைச் செய்தே உயிர் வந்த நெட்புக்குகள் உண்டு.

புதிய ரெம்மின் வெட்டை சொக்கட்டில் இருக்கிற சின்ன மேட்டோடு நேர்படுத்தி, கழற்றிய அதே சரிவில், ஏறக்குறைய 30 பாகையில், உள்ளே தள்ளுங்கள். தங்க நிறம் கிட்டத்தட்ட மறையும்வரை போகவேண்டும். பாதியில் நிற்கும்போதே கீழே அமத்துவதுதான் புதியவர்கள் விடுகிற பிழை. முழுதாகப் போன பிறகு இரண்டு மூலையிலும் சமமாக அமத்துங்கள், இரண்டு உலோகக் கையும் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும்.

போட்டுப் பார்த்தல்

மூடியை உடனே பூட்டவேண்டாம். பெட்டரியைப் போட்டு ஒன் செய்யுங்கள். லைட் எரிந்தும் திரை கறுப்பாக நின்றால் பதறத் தேவையில்லை. ஓஃப் செய்து பெட்டரியைக் கழற்றி, ரெம்மைத் திரும்ப எடுத்துப் போடுங்கள், அனேகமாக அதுதான். அதற்கும் வராவிட்டால் பழைய ரெம்மைப் போட்டுப் பாருங்கள். பழையதோடு ஓடினால் வாங்கியதுதான் பிழை.

விண்டோஸ் வந்ததும் அதே புரொபர்ட்டீஸில் 2 ஜிபி காட்டும். பாவிக்கக்கூடியது 1.99 என்றோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகவோ காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கவேண்டாம், திரைப் படத்துக்கென்று ஒரு பங்கை மெஷின் ஒதுக்கிக்கொள்ளும்.

பாவித்த ரெம் என்றால் அன்றிரவே சோதித்துவிடுங்கள். விண்டோஸ் 7 என்றால் ஸ்டார்ட் மெனுவில் மெமரி என்று டைப் செய்தால் விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக் வரும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகித் தானே சோதிக்கும். சார்ஜர் செருகியே இருக்கட்டும், நேரம் எடுக்கும். பிழை என்று ஒரு வரி வந்தாலும் அந்த ரெம் வேண்டாம், மாற்றித் தருவதாகச் சொன்ன நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். பிழை இல்லையென்றால் மூடியைப் பூட்டுங்கள்.