சைக்கிள் குழுவில் கட்சிச் சண்டையா? கோரிக்கையைச் சுருக்குங்கள்

மதுரையில் நாலு பேர் கூடினால் அரசியல் பேச்சு வந்தே தீரும். சைக்கிள் குழுவில் மட்டும் வராதா? சண்டை பெரிதாவது பெரும்பாலும் அரசிடம் குழு வைக்கும் கோரிக்கை பொத்தாம்பொதுவாக இருக்கும்போதுதான். "ஊரையே சைக்கிளுக்கு ஏற்றதாக மாற்று" என்று எழுதினால், எந்த ஆட்சி என்ன கிழித்தது என்று உடனே தொடங்கிவிடும்.

ஓர் இடம், ஒரு வேலை என்று எழுதுங்கள். "இந்தத் தெருமுனையில் வடிகால் மூடியின் கம்பிகள் ரோட்டின் போக்கிலேயே நீளவாக்கில் இருக்கின்றன, சைக்கிள் டயர் உள்ளே இறங்குகிறது, கம்பிகளைக் குறுக்கே போடுங்கள்." கூடவே ஒரு போட்டோ. எந்தக் கட்சிக்காரர் இதை மறுப்பார்?

மாநகராட்சியில் 100 வார்டுகள். கவுன்சிலர் எந்தக் கட்சியாகவும் இருக்கலாம். அவர் கட்சி அனுதாபி ஒருவரும் எதிர்த்தரப்பு ஒருவரும் சேர்ந்தே மனு கொடுக்கப் போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கும் அப்படித்தான்.

தேர்தல் நேரத்தில் குழுவின் பெயரில் யாருக்கும் ஆதரவு கூடாது, ஹேண்டில்பாரில் கொடியும் கூடாது. எல்லா வேட்பாளர் கையிலும் ஒரே மனு.

யாராவது சூடானால் பிளஸ் ஒன் பிள்ளைகளின் இலவச சைக்கிளை நினைவுபடுத்துங்கள். அதிமுக ஆட்சியில் தொடங்கியது, திமுக ஆட்சியிலும் தொடர்ந்தது. அந்தப் பிள்ளைகள் பத்திரமாக வீடு சேர வேண்டும் என்பதில் நமக்குள் என்ன பேதம்?

ரைடு முடிந்ததும் முதலில் மனுவில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம் டீக்கடையில் ஆசை தீரப் பேசட்டும்.