அம்மாவுக்கு வல்லாரை கொடுக்கிறதுக்கு முன்னாடி

வீட்டில் ஒருவருக்கு மறதி என்று வாயைத் திறந்தால் போதும், பால் ஊற்ற வருகிறவரில் இருந்து சம்பந்தி வீட்டு அத்தை வரைக்கும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், "வல்லாரை கொடுங்க". எங்கள் அம்மாவுக்கு அல்சைமர் என்று தெரிந்த வாரமே மூன்று பாட்டில் சூரணம் வந்து சேர்ந்தது. கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், ஆனால் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் அது அல்சைமர்தானா என்று பாருங்கள். பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு எல்லாமே மறதியாகத்தான் தலைகாட்டும், இவற்றைச் சரிசெய்ய முடியும். ஒரு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு ஆறு மாதம் லேகியம் கொடுப்பது வீண்.

அப்புறம், என்ன வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும். வல்லாரை வேறு, நீர்ப்பிரமி வேறு. வல்லாரை கண்மாய் ஓரம், வாய்க்கால் ஓரம் ஈரத்தில் படரும், வட்டமான இலை. நீர்ப்பிரமிக்குச் சின்னச் சின்னத் தடித்த இலை, வெளிர்ந்த பூ. வடக்கே இரண்டையுமே பிராமி என்று சொல்வதால் டப்பாவில் அந்தப் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், தாவரவியல் பெயரைக் கேளுங்கள்: வல்லாரை சென்டெல்லா ஏசியாடிகா, நீர்ப்பிரமி பக்கோபா மொன்னியரி. பெயரே ஒட்டாத பொட்டலத்தை எந்தக் கடையில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பற்பம், செந்தூரம் போன்ற புடம் போட்ட பொடிகள் என்றால் உலோகம் சேர்ந்திருக்கலாம், பதிவு பெற்ற சித்த மருத்துவர் கையால் தவிர அதைத் தொடவே கூடாது.

பலன்? நீர்ப்பிரமியை நல்லபடியாக இருக்கிற முதியவர்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்த சில ஆய்வுகளில் நினைவுத் தேர்வில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, அல்சைமரை அது நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஞாபகசக்திக்கு என்று விற்கிற ஜிங்கோ மர இலைச் சாறு மாத்திரையின் கதை இன்னும் தெளிவு: அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேரை வைத்து நடத்தின பெரிய ஆய்வின் முடிவு 2008ல் வந்தது, டிமென்ஷியா, அதாவது அல்சைமர் உட்பட்ட மறதி நோய்கள், வருவதை அது குறைக்கவில்லை. செடிக்குச் சக்தியே இல்லை என்று நான் சொல்லவில்லை. பனித்துளிப் பூச்செடியில் கண்டெடுத்த கேலன்டமைன் 2001ல் அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி பெற்ற மருந்து. ஆனால் அது மில்லிகிராம் கணக்கில் அளந்த மாத்திரை, கைப்பிடிக் கணக்கு அங்கே கிடையாது. அதுவும் நோயை ஒழிக்காது, கொஞ்ச காலம் சமாளிக்க உதவும், அவ்வளவுதான்.

டாக்டர் எழுதின டோனெபெசில் என்கிற அல்சைமர் மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தப்பு. சேர்த்துக் கொடுக்கிறதாக இருந்தாலும் டாக்டரிடம் பாட்டிலையே எடுத்துப் போய்க் காட்டுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. டோனெபெசில் நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடியது, நீர்ப்பிரமியும் அதே பக்கம் இழுக்கலாம், மயக்கம் போட்டு விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ஜிங்கோ சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. அமுக்கராவாலும் (அஸ்வகந்தா) வல்லாரைச் சூரணத்தாலும் ஈரல் கெட்டவர்கள் உண்டு, அதனால் கண் மஞ்சளாகிறதா, சிறுநீர் கறுக்கிறதா, பசி போய்விட்டதா என்று கவனித்து, சந்தேகம் வந்தால் உடனே நிறுத்துங்கள். நீர்ப்பிரமிக்கு வயிறு கலங்கிப் பேதியாகிறது சாதாரணம்.

எனக்குப் பிடித்த வழி வல்லாரையைக் கீரையாகவே கொடுப்பது. சாக்கடை ஓரத்தில் முளைத்ததாக இருக்கலாம், அதனால் மூன்று நான்கு தண்ணீர் விட்டு அலசுங்கள். ஒரு கைப்பிடி இலையை எண்ணெயில் வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய் வற்றல், தேங்காய், கொஞ்சம் தாராளமாகப் புளி சேர்த்து அரைத்தால் கசப்பு அமுங்கிவிடும். வாரத்தில் இரண்டு நாள் போதும், வீடு முழுக்கச் சாப்பிடலாம்.

ஒன்று விட்டுப்போச்சு. மருந்து டப்பாவை மறதி உள்ளவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காலையில் சாப்பிட்டது மறந்து எங்கள் அம்மா ஒரே நாளில் மூன்று தடவை லேகியம் சாப்பிட்டுவிட்டார், கேட்டால் "இன்னும் நீ தரவே இல்லையே" என்கிறார். இப்போது அது அரிசிப் பானைக்குள் இருக்கிறது.