பரணில் கம்ப்யூட்டர் வைப்பதானால்

அமெரிக்காவின் டாலஸில் எங்கள் வீட்டுக் கூரையடிப் பரண், ஆகஸ்ட் மதியத்தில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு 35 டிகிரிதான் வரம்பு. சும்மா ஒரு ஃபேனை வைத்தால் அந்தச் சூட்டுக் காற்றையேதான் திரும்பத் திரும்ப அடிக்கும்.

அதனால் மரச்சட்டங்களின் மேல் பிளைவுட் அடித்து, ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் கல்நார்ப் பஞ்சு போலல்லாத, பாறையை உருக்கிச் செய்த பஞ்சு) அடைத்த ஜிப்சம் சுவர்களால் அலமாரி அளவுக்கு ஓர் அறை கட்டினேன். கீழே ஏசி அறையிலிருந்து ஒரு குழாய் காற்றைக் கொண்டுவரும், இன்னொன்று சூட்டை வெளியேற்றும். பரணில் கேஸ் ஹீட்டர் இருந்தால் இதைச் செய்யுமுன் விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். வீட்டுக் காற்றை ஃபேன் உறிஞ்சினால் ஹீட்டரின் புகை உள்ளே திரும்பக்கூடும்.

300 வாட் இழுக்கும் மெஷின் 300 வாட் ஹீட்டரேதான்! 15 ஆம்பியர் லைனில் தொடர்ந்து 12 ஆம்பியருக்கு மேல் ஏற்றாதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுங்கள். யூபிஎஸ் கீழேயே இருக்கட்டும், சூட்டில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.

அப்புறம், சாதாரண ஸ்மோக் அலாரம் பரண் சூட்டுக்குச் சரிப்படாது. வெப்பத்தை உணரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சூடு கூடினால் மெஷின் தானாக அணைந்துவிடும்படியும் அமைத்துவிடுங்கள்.