வாயைத் திறந்தபடி ‘ஆ’ என்றால் ஆமாவா, ஐயோவா?

ஷார்ஜாவில் ஒரு பல் கிளினிக்கில் 11 வருஷம், டாக்டர் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அரபிப் பாடப் புத்தகம் எடுத்தால் முதல் பக்கத்திலேயே ‘நஅம்’ என்றால் ஆமாம் என்று இருக்கும். நாற்காலியில் படுத்திருப்பவர் ஒருத்தர்கூட என்னிடம் ‘நஅம்’ சொன்னதில்லை. சொல்லவும் முடியாது, ‘ம்’ வர உதடு மூட வேண்டுமே. அங்கே காதில் விழுவதெல்லாம் உயிரெழுத்துதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் எகிப்துக்காரர்கள். அவர்களுக்கு ‘ஆஹ்’ என்றால் ஆமாம். வலித்தாலும் அதே ‘ஆஹ்’தான். வந்த புதிதில் ஒரு பெரியவரிடம் மரத்துப்போச்சா என்று கேட்டேன். ‘ஆஹ்’ என்றார். பதறிப்போய் டாக்டரை நிறுத்தச் சொன்னேன். மறுபடி கேட்டேன், மறுபடி ‘ஆஹ்’. மூன்றாவது ‘ஆஹ்’ கோபத்தோடு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆமாம் சொல்லும் ‘ஆஹ்’ குட்டையானது, மேலிருந்து இறங்கிச் சட்டென்று நின்றுவிடும். வலியின் ‘ஆ’ இழுக்கும், ஏறும். காதை நம்ப முடியவில்லையா, காலைப் பாருங்கள். வலித்தால் கட்டைவிரல் மடங்கும்.

அடுத்தது இன்னும் வம்பு. சிரியா, லெபனான் ஆட்களுக்கு ‘ஏ’ என்றால் ஆமாம். எகிப்தில் ‘ஏஹ்’ என்றால் ‘என்ன?’ ஆமாம் சொல்லிவிட்டார் என்று நீங்கள் அடுத்த வேலைக்குப் போவீர்கள், அவர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். ஈராக், குவைத் பக்கம் ‘ஈ’. இந்த ஊர் எமிராத்திகள் ‘ஹேஹ்’. அதனால் ஃபைலில் பெயருக்கு முன்னால் ஊரைப் பாருங்கள். கொச்சைதானே என்று ‘ஈ’யை இளப்பமாக நினைக்க வேண்டாம். ‘ஈ வ ரப்பீ’, ஆமாம், என் இறைவன் மேல் ஆணை என்று குர்ஆனிலேயே (10:53) இருக்கிறது. ஆமாம் என்று எல்லாருக்கும் தெரிந்த ‘ஐவா’வும் இந்த ‘ஈ’ வம்சம்தான் என்பார்கள்.

‘இல்லை’க்குப் பல பேர் வாயே திறப்பதில்லை. புருவத்தை மேலே தூக்கி நாக்கால் ஒரு ‘ச்சு’. நமக்குப் புருவம் தூக்கினால் ‘என்ன’, உச்சுக் கொட்டினால் பரிதாபம். அவர்களுக்கு இரண்டும் சேர்ந்தால் ‘இல்லவே இல்லை’. ஈரானியர்களிடமும் இதே ‘நுச்’ உண்டு. வாய்க்குள் கருவி இருக்கும்போது நாக்குக்கு வழியில்லை, வெறும் புருவம்தான் ஏறும். அதைத் தவற விடாதீர்கள்.

இனி நீங்கள் வாய் விடக் கூடாத ஒன்று: ‘உஃப்’. ஒருநாள் சக்கர நாற்காலியிலிருந்து ஒரு பாட்டியைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ‘உஃப்’ என்று ஊதினேன். பாட்டியின் மகள் முகம் சுண்டிப்போயிற்று. ரிசப்ஷனில் இருந்த காயல்பட்டினத்து அக்கா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “வயசானவங்க முன்னாடி அது வேணாம்மா. பெத்தவங்களப் பாத்து ‘உஃப்’னு கூடச் சொல்லாதன்னு குர்ஆன்ல இருக்கு” (17:23). ஊதின காற்றுக்கு இவ்வளவு எடையா என்று இருந்தது. அரபி இலக்கணத்தில் இதை வெறும் சத்தமாக விட்டுவிடுவதில்லை. வினைப்பொருள் தரும் பெயர் என்று தனி வகையில் வைத்து, ‘நான் சலித்துப்போனேன்’ என்று முழு வாக்கியமாகவே பொருள் சொல்கிறார்கள். பெருமூச்சுக்கு நல்ல பேரும் உண்டு. இப்ராஹீம் நபியைக் குர்ஆன் ‘அவ்வாஹ்’ என்கிறது (9:114), அதிகம் ‘ஆஹ்’ என்று உருகுகிறவர்.

ஈரானியர்களின் ஃபார்சி பேசுகிறவர்கள் வந்தால் எனக்கு நிம்மதி. அவர்கள் வலியையும் துக்கத்தையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். உடம்பு வலித்தால் ‘ஆக்’, கடைசி எழுத்து காறுகிற மாதிரி தொண்டையில் உரசும். மனசு வலித்தால் ‘ஆஹ்’, வெறும் மூச்சு. ‘தர்த் தாரீத்?’, வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு அந்த உரசலுக்குக் காது கொடுங்கள், போதும். நாம் பெருமூச்சு விடுகிறோம், அவர்கள் ‘ஆஹ்’ இழுக்கிறார்கள், உருதுக்காரர்கள் ‘ஆஹ்’ நிரப்புகிறார்கள். ஒருவனுக்குக் கெட்டது நடந்தால் ‘அவளுடைய ஆஹ் அவனைப் பிடித்துவிட்டது’ என்று ஃபார்சியில் சொல்வார்கள். நம் ஊரில் வயித்தெரிச்சல் சும்மா விடாது என்கிறோமே, அதேதான்.

ஃபார்சியில் ‘ஆஹான்’ என்றால் புரிந்தது என்று பொருள், சம்மதம் இல்லை. எத்தனை ரூட் கனால் என்று டாக்டர் விளக்கும்போது ஈரானியர் நாலு தரம் ‘ஆஹான்’ சொல்லிவிட்டு, கடைசியில் வேண்டாம் என்று எழுந்து போவார். ‘பலே’ வரும்வரை, அவர்களுக்கு அதுதான் ஆமாம், கையெழுத்துத் தாளை நீட்டாதீர்கள். துருக்கிக்காரர் ‘ஓஹ்’ என்றால் சுகம், ‘ஒஃப்’ என்றால் சலிப்பு. அங்கே எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வேலை முடிந்து பஞ்சை எடுத்துவிட்டு நாற்காலியை நிமிர்த்துங்கள். ஃபார்சிக்காரர் என்றால் தாடையைத் தேய்த்துக்கொண்டு ‘ஆகேய்ஷ்’ என்று நீளமாக ஒரு சத்தம் வரும். செருப்பைக் கழற்றும்போது, கனத்த பையை இறக்கி வைக்கும்போது அவர்கள் சொல்வது. அது வந்த பிறகு பில்லைக் கொடுங்கள்.